ஆனி மாதத்தில் அச்சாகும் மார்கழிக் கோலம்

கல்யாண வீடுகளுக்கு ஆடி பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே அச்சகத்துக்கு ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், ஆனி முதல் வாரம் கழிந்ததும் அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கான கூட்டம் ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் திரும்பி வருகிறது. இதற்கு நேர்மாறாக, ஊரில் கெட்டிமேளமே கேட்காத மார்கழியில், தை மாதத்து அழைப்பிதழ்களுக்காக எங்கள் இயந்திரம் இரவிலும் ஓடும். தென்காசியில் என் தந்தை நடத்திய சிறிய அச்சகத்தை ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகு நான் முதலில் புரிந்துகொண்டது, அச்சகத்துக்குப் பருவம் இப்படி முந்தி வருவதைத்தான். கோலம் வரைந்து பழகப் புள்ளிகள் மட்டும் அச்சிட்டு, கடையின் சொந்த வெளியீடாக இன்று விற்பனையாகும் கோல நோட்டு இந்த ஆனி இடைவெளியில்தான் உருவானது.

சிறுதொழில் செய்கிறவர்கள் பலர், தங்களுக்குப் பிடித்த ஒரு படைப்பு முயற்சிக்குத் தனி நேரமும் தனி முதலும் அமையட்டும் என்று காத்திருக்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும் தொழிலின் ஓய்வு வாரங்களுக்குள்ளும், கையில் இருக்கும் இயந்திரத்தின் அளவுக்குள்ளும் அடங்குகிற ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. அப்படிக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அன்றாட வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் இருப்பவை ஒற்றை நிறத்தில் அடிக்கும் மினி ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஒன்று, கட்டிங் மிஷின் ஒன்று, கணினியும் லேசர் பிரிண்டரும், ஈய எழுத்துக் கோத்து அடிக்கும் தந்தை காலத்து டிரெடில் இயந்திரம் ஒன்று. டிரெடிலில் இப்போது யாரும் ஈய எழுத்துக் கோத்து நோட்டீஸ் அடிப்பதில்லை என்றாலும், பில் புத்தகங்களுக்கு எண் இடவும், கிழிக்கும் ஓட்டை வரிசை போடவும், அட்டையில் மடிப்புக்கோடு விழச் செய்யவும் அதைவிடச் சிக்கனமான இயந்திரம் எனக்குத் தெரியவில்லை. பல நிற வேலைகள் சிவகாசிக்குப் போகின்றன. அழைப்பிதழ்களிலும் பாதிக்கு மேல் சிவகாசியிலிருந்து வெற்று அட்டையாக வருபவைதான். ஆல்பத்தைப் பார்த்து வீட்டார் தேர்ந்தெடுக்கும் அட்டையில் நாங்கள் பெயர்களை அடித்துக் கொடுக்கிறோம்.

நேரம் பார்க்காமல் வருகிற வேலை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி வந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பழைய கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியை நீக்கி, தோற்றம் மறைவு தேதிகளையும் இறுதி ஊர்வலம் புறப்படும் நேரத்தையும் சேர்த்து, விடிவதற்குள் ஒட்டக் கொடுத்தாக வேண்டும். துக்க வீட்டில் எல்லாரும் பேசுவார்கள், ஒருவரும் சரிபார்க்க மாட்டார்கள். ஆகவே, "அண்ணாச்சி, வீட்டிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் என்னோடு பேசட்டும், நான் வாசிக்கிறேன், அவர் கேட்டுச் சரி சொன்னால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பெயர், தலைப்பெழுத்து, வயது, நேரம் ஆகிய நான்கையும் தொலைபேசியிலேயே உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்படும் புரூஃபை, அதாவது சரிபார்ப்பதற்கான மாதிரியை, அந்த நேரத்தில் யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. காதால் கேட்டால் பிழை உடனே தட்டுப்படுகிறது.

கல்யாண அழைப்பிதழில் சிக்கல் வேறு விதமானது. அங்கே எழுத்துப்பிழையைவிடப் பெரிய வில்லங்கம் வரிசைப்பிழை. தாய்மாமன் பெயர் எந்த வரியில், பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்கு மேலா, காலமானவருக்கு முன் 'தெய்வத்திரு' போடப்பட்டதா என்பவை எல்லாம் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை. அவற்றில் அச்சகத்தார் கருத்துச் சொல்லவே கூடாது. கடைசிப் புரூஃபைத் தாளில் எடுத்து, வேலைக்குப் பொறுப்பானவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வாங்கி, அந்தத் தாளை ஆர்டர் உறையிலேயே வைத்துவிடுகிறோம். எங்கள் பொறுப்பாக நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று காலண்டரில் பார்ப்பதும், முகூர்த்த நேரம் அன்றைய ராகு காலத்துக்குள் விழுந்திருந்தால் வீட்டாரிடம் மறுபடி கேட்பதுமே அது. ஜோதிடர் குறித்த நேரம் தாளில் மாற்றி எழுதப்பட்டிருப்பது பல தடவை இந்தச் சரிபார்ப்பில் வெளிப்பட்டிருக்கிறது.

கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பப்படும் யூனிகோடு எழுத்தை, பக்கம் அமைக்கும் மென்பொருளுக்காகப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது 'ஸ்ரீ', ஆய்த எழுத்து, மேற்கோள் குறிகள் ஆகியவை சிதைவது வழக்கம். மாற்றி முடித்தவுடன் இந்த மூன்றையும் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தேர்தல் காலத்து வேலைக்கு மட்டும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆர்டர் எடுக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வெளியிடுகிறவர் தாம் இன்னார் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு இரண்டு படிகள் கொடுக்க வேண்டும். அச்சடித்த பிறகு அதில் ஒரு படியையும் அச்சான தாளில் ஒன்றையும் எங்களைப் போன்ற மாவட்டத்து அச்சகங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். "நம்ம ஆளுதானே, பிறகு எழுதித் தருகிறேன்" என்று வருகிற வேலையை ஏற்பதில்லை என்று கடைச்சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். முன்பணம் முழுவதும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

இனி கோல நோட்டுக்கு வருகிறேன். மார்கழிக்கு முன்பு பெண்கள் கோலம் வரைந்து பழகுவது பெரும்பாலும் பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டில்தான். கட்டம் போட்ட நோட்டில் நேர்ப்புள்ளிக் கோலத்தை ஒருவாறு வரைந்துவிடலாம். இடைப்புள்ளிக் கோலத்துக்கு அந்தக் கட்டம் உதவாது. 15 புள்ளியில் தொடங்கி இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8இல் முடியும் கோலம் என்றால், ஒவ்வொரு வரிசைப் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் கோலம் நெட்டையாக இழுபடாமல் அறுகோணமாக அமையும். புள்ளிகளுக்கு இடையே 8.5 மில்லிமீட்டர் விட்டால், வரிசைகளுக்கு இடையே 7.4 மில்லிமீட்டர் விட வேண்டும். இந்த இரண்டு வகைப் புள்ளிகளையும் அச்சிட்டு ஒரு நோட்டுப் போடலாம் என்பதுதான் யோசனை. வரைந்து முடித்த கோலங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அவை ஊரெங்கும் கிடைக்கின்றன, வரைவதற்கு ஏற்ற வெற்றுப் புள்ளித்தாள்தான் கிடைப்பதில்லை.

நோட்டின் அளவை முடிவு செய்வதில் ஆசைக்கு இடமில்லை. தாள் சொல்லும் அளவுதான் அளவு. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 23க்கு 36 அங்குலத் தாளை நான்காக வெட்டினால் 11.5க்கு 18 அங்குலம் வரும்; அது எங்கள் இயந்திரத்தில் ஏறும். அதை இரண்டு முறை மடித்தால் 5.75க்கு 9 அங்குலத்தில் நான்கு இலைகள், அதாவது எட்டுப் பக்கங்கள். ஓரம் சீவிய பின் 5.5க்கு 8.5 அங்குல நோட்டு கிடைக்கிறது. முழுத் தாள் ஒன்றுக்கு 16 இலைகள் என்பதால், 64 இலை நோட்டுக்கு நான்கு தாள்கள் போதும். 500 தாள் கொண்ட ஒரு ரீமில் கணக்குப்படி 125 நோட்டுகள், இயந்திரத்தில் பதம் பார்க்கையில் வீணாகும் தாள்களைக் கழித்தால் அதற்குக் கொஞ்சம் குறைவு. ஏ4 அளவில் போடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். இதே 23க்கு 36 தாளில், எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டினால், ஏ4 ஆறு மட்டுமே தேறும். 6 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள ஒரு நீளத் துண்டு மிஞ்சிவிடும். ஒன்பது ஏ4 தேற வேண்டுமானால் 25க்கு 36 தாள் வாங்க வேண்டும். புதிதாக ஒரு பொருளைச் செய்ய நினைப்பவர் எந்தத் தொழிலில் இருந்தாலும், வடிவத்தைத் தீர்மானிக்கும் முன் கச்சாப்பொருள் எந்த அளவில் விற்கப்படுகிறது என்று பார்த்துவிட்டால் பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகும்.

இயந்திரத்தில் மாட்டும் அச்சுத் தகடான பிளேட் இரண்டே இரண்டில் முழு நோட்டையும் அடித்துவிடலாம் என்பது தாளை மடித்துப் பார்த்தபோது தெரியவந்தது. 11.5க்கு 18 தாளின் ஒரு பக்கம் முழுவதும் நேர்ப்புள்ளி, மறுபக்கம் முழுவதும் இடைப்புள்ளி என்று அடித்து இரண்டு முறை மடித்தால், ஒரு பக்கத்து அச்சு 1, 4, 5, 8ஆம் பக்கங்களாகவும், மறுபக்கத்து அச்சு 2, 3, 6, 7ஆம் பக்கங்களாகவும் விழுகின்றன. ஆகவே நோட்டை எங்கே விரித்தாலும் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களும் ஒரே வகைப் புள்ளியாக இருக்கும். இரண்டு மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி 16 பக்கக் கட்டாகத் தைத்தாலும் இந்த ஒழுங்கு கெடுவதில்லை. அச்சுத் தொழிலில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருவது இப்படிப்பட்ட கணக்குகள்தான் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

புள்ளியின் நிறத்துக்குத்தான் அதிக நேரம் செலவானது. கறுப்புப் புள்ளி வரைந்த கோலத்தை மீறித் தெரிகிறது. சாம்பல் நிறம் வேண்டும். கணினியில் கறுப்பை 20 சதவீதமாகக் குறைத்துப் பிளேட் எடுத்தால் சாம்பல் தெரியும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சாம்பல் உண்மையில் நுண்ணிய கறுப்புத் துளிகளின் கூட்டம் என்பதால், ஒரு மில்லிமீட்டரும் இல்லாத கோலப்புள்ளிக்கு அதில் ஓரமே கிடைக்காது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு வடிவத்தில் பிய்ந்து விழும். எனவே புள்ளியை முழு அடர்த்தியிலேயே பிளேட் எடுத்து, வெள்ளை மையில் சிறிது கறுப்பைக் கலந்து சாம்பல் மையாகவே இயந்திரத்தில் ஏற்றினோம். ஒரு நிற இயந்திரத்தில் மை மாற்றுவது என்றால் உருளைகள் அனைத்தையும் கழுவ வேண்டும். வெளிர் நிறத்துக்கு முன் கழுவுவது இன்னும் கவனமாக நடக்க வேண்டும். அந்தக் கழுவலுக்காகவே ஒரு நாளை வீணாக்காமல், கறுப்பு வேலைகள் எல்லாம் முடிந்து வாரக் கடைசியில் எப்படியும் இயந்திரத்தைக் கழுவும் நாளுக்கு மறுநாள் இதை வைத்துக்கொள்கிறோம். ஆனி மாதத்தில்தான் இப்படி நாள் பார்க்க முடியும்.

ஆனால் அதே ஆனியில்தான் எங்கள் ஊரில் சாரல் தொடங்குகிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கொண்டாடும் அந்தக் காற்று, தாளுக்கு ஆகாது. பிரித்து வைத்த ரீம் ஒரே இரவில் ஈரத்தை இழுத்து ஓரங்கள் அலையாக நெளிந்துவிடுகின்றன. அப்புறம் இயந்திரம் இரண்டு தாளை ஒன்றாக இழுக்கும், அல்லது தாளே இழுபடாது. மையும் காயச் சுணங்கும். வேறு வழி இல்லாததால், ரீமின் மேலுறையை இயந்திரத்தில் ஏற்றும் நேரம்வரை பிரிப்பதில்லை. அடித்த தாள்களை உயரமாக அடுக்காமல் சிறு சிறு அடுக்காக வைத்து, ஒரு பக்கம் அடித்ததை மறுநாள்தான் மறுபக்கத்துக்கு ஏற்றுகிறோம். அட்டை ஒட்டும் வேலையை மட்டும் ஆவணிக் கடைசிக்கு, வெயில் திரும்பிய பிறகு, தள்ளி வைத்துவிட்டோம். மடித்த கட்டுகள் பலகைக்கும் பாரத்துக்கும் நடுவே அதுவரை காத்திருந்தால் அவற்றுக்கும் நல்லது. மடிப்பு நன்றாகப் படிந்துவிடுகிறது.

கோல நோட்டு மேசையில் தட்டையாக விரிய வேண்டும். முதுகில் பசை மட்டும் தடவும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கை அழுத்தி விரித்தால் இலைகள் கழன்றுவிடும். நடுவில் பின் அடித்தால் 64 இலைக்கு முதுகு புடைத்து, உள்ளே உள்ள இலைகள் வெளியே துருத்தும். ஆகையால் கட்டுக் கட்டாக நூலால் தைப்பதைத் தவிர வேறு முறை இதற்குப் பொருந்தாது. தைப்பவர் என் தந்தை காலத்திலிருந்தே இருக்கும் பைண்டர் அண்ணன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி வராது என்பது முதல், தாளின் கிரெயின், அதாவது இழை ஓட்டம், முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பது வரை அவரிடம் கற்றவையே எனக்குப் பாடம். ஆலையில் தாள் ஓடி வந்த திசையில் இழைகள் படிந்திருக்கும். அந்தத் திசையில் வளைத்தால் தாள் எளிதில் வளையும், குறுக்கே வளைத்தால் முரண்டும். முதுகுக்குக் குறுக்காக இழை ஓடும் நோட்டு என்றைக்கும் தானாக விரிந்து படுக்காது. எங்கள் அளவுக்கு இழை 36 அங்குலப் பக்கமாக ஓடும் தாள் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் பிடிக்க வேண்டும் என்பதால் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) மேப்லித்தோ தாள். அதைவிட மெலிந்தால் பின்பக்கத்துப் புள்ளி முன்பக்கம் தெரிந்து குழப்பும்.

அட்டைக்கு டிரெடிலை உயிர்ப்பித்தோம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய சுழி வைத்த 'லை', 'னை' எழுத்துகள் உட்பட, தந்தை உருக்கக் கொடுக்காமல் வைத்திருந்த ஈய எழுத்துகள் இரண்டு பெட்டிகளில் இருந்தன. தடித்த பழுப்பு அட்டையில் அந்தப் பெரிய எழுத்துகளைக் கோத்து, செம்மண் நிற மையில் அழுத்தி அடித்தால், எழுத்து தாளுக்குள் சற்றே பதிந்து விரலுக்குத் தட்டுப்படுகிறது. சிவகாசியில் பல நிற அட்டை அடித்து லேமினேஷன் போட்டு வாங்கியிருந்தால் எடுப்பாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் அதற்கு விலை கட்டுப்படியாகும்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு மாதத்தில் செய்கிறோம், கூலி எப்படியும் கொடுத்தாக வேண்டியதுதானே என்று கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைக்கும் பழக்கம் சிறு அச்சகங்களில் உண்டு. அப்படி வைத்த விலையில் பொருள் நன்றாக விற்றுவிட்டால்தான் ஆபத்து: தை வேலை நெருக்கும்போது மறுபடி அடிக்கச் சொல்வார்கள், அந்த விலைக்கு அப்போது அடிக்க முடியாது. தாள், பிளேட், மை, தையல் கூலி, இயந்திர நேரம் ஆகிய எல்லாவற்றையும் வெளி வாடிக்கையாளருக்கு எழுதுவது போலவே ஆர்டர் உறை போட்டு எழுதி, அதன்மேல் கடைக்காரருக்கு விட வேண்டிய பங்கையும் சேர்த்தே விலையைத் தீர்மானித்தோம். அதற்குக் கடையின் பொதுக் கணக்கோடு கலக்காத தனி நோட்டும் இருக்கிறது.

விற்கும் இடம் எழுதுபொருள் கடை அல்ல என்பது போகப் போகத் தெரிந்தது. அங்கே இது பத்து வகை நோட்டுகளுக்கு நடுவே பதினொன்றாவது. விலையும் அவற்றைவிடக் கூடுதல். காசி விசுவநாதர் கோயில் பக்கம் கோலமாவு விற்கும் ஆச்சி ஒருவரிடம் சில நோட்டுகளை வைத்துவிட்டு வந்தேன். "மாவு வாங்க வருகிறவளிடம் புள்ளியை விரித்துக் காட்டினால் போதும்மா, பேச்சே வேண்டாம்" என்றார் அவர். கார்த்திகை பிறந்ததும் தொடங்கி மார்கழி முதல் வாரம் வரை அவரிடம் விற்றது, மற்ற எல்லாக் கடைகளிலும் சேர்த்து விற்றதைவிட அதிகம். பொங்கலோடு விற்பனை நின்றுவிடுகிறது. மீதியைப் பத்திரப்படுத்தி அடுத்த கார்த்திகைக்கு வைக்கலாம். தாளில் ஆண்டு, தேதி எதையும் அச்சிடாமல் விட்டது இதற்காகத்தான்.

பணம் வரும் விதத்திலும் இந்த நோட்டு எங்களுக்கு வேறொரு வசதியைத் தந்திருக்கிறது. நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் அடித்துக் கொடுக்கும் பில் புத்தகம், ரசீது, தேர்வுத்தாள் எல்லாம் கடன் வேலை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் வட்டி சேரும் என்றும் சொல்கிறது. அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு எண்ணையும் இந்த 45 நாள் வரியையும் எங்கள் பில்லின் கீழேயே அச்சிட்டுவிட்டோம். வழக்குக்குப் போகும் எண்ணம் இல்லையென்றாலும், கணக்குப் பிரிவில் இருப்பவர் கண்ணில் அது படுவதால் தாமதம் ஓரளவு குறைந்திருக்கிறது. கோல நோட்டிலோ ஆச்சி வாரா வாரம் விற்றதை எண்ணி ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார். மார்கழி நடுவில் தாள் வாங்க அந்தப் பணம்தான் கைக்கு உதவுகிறது.

இப்போது வாங்கியவர்கள் கேட்பது 21 புள்ளி நோட்டு. 5.5 அங்குல அகலத்தில் 21 புள்ளி வைத்தால் இடைவெளி 6 மில்லிமீட்டராகச் சுருங்கி, வயதானவர்களின் கண்ணுக்கு எட்டாது. 11.5க்கு 18 தாளை ஒரே முறை மடித்து, 9க்கு 11.5 அங்குலத்தில் நோட்டுப் போட்டால் 9 மில்லிமீட்டர் இடைவெளியில் தாராளமாக அமையும். ஆனால் இலைக்குத் தாள் இரட்டிப்பாகும்; முதுகு இப்போது 23 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வருவதால் கிரெயினும் திரும்பியாக வேண்டும், அந்தப் பக்கமாக இழை ஓடும் தாளைத் தனியாகச் சொல்லித்தான் வரவழைக்க முடியும். வைகாசிக்குள் ஆச்சியும் ரத வீதிக் கடைகளும் எத்தனை நோட்டு எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டால், ஆனிக்குத் தாள் வந்துவிடும்.